ஆரணி வட்டார வாகனங்களிலும் சிறு எஞ்சின்களிலும் எரிபொருள், புகைக் கோளாறுகள்

எஞ்சினுக்குள் போகும் எரிபொருளின் அளவோ தரமோ, அது எரியும் நேரமோ பிசகினால் அது எரிபொருள் கோளாறு. அந்தப் பிசகு சைலன்ஸர் வழியாக வெளியே தெரிந்தால் புகைக் கோளாறு. புகைப் பரிசோதனையில் தேறாத வண்டியை ஒரு மாதிரியும், மைலேஜ் தராத வண்டியை வேறு மாதிரியும் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம் குலைந்திருக்கும், அல்லது சேர்ந்தது ஒழுங்காக எரிந்திருக்காது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கோளாறு தேடுவதெல்லாம் இந்தக் கணக்கு எங்கே தவறியது என்று தேடுவதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பேர்போன ஊர். ஊருக்குள் ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' நிலையம் களம்பூரில் இருக்கிறது. பாவும் ஊடையும் ஜரிகையும் தறி வீட்டுக்குப் போவதும், நெய்த சேலை முதலாளி கடைக்கு வருவதும் சாலை வழியேதான், அதிலும் பெரும்பகுதி மொபெட்டில். குட்டித் தூரம், அதிகச் சுமை, அடிக்கடி நிறுத்தி எடுப்பது, ஆலைப் பக்கத்து உமித் தூசி, எப்போதோ ஒருநாள் ஓடும் ஜெனரேட்டர் ஆகியவை இந்த ஊர் எஞ்சின்களுக்கு வாய்த்த நிலைமை. கோளாறுகளும் அதற்கேற்பவே வருகின்றன.

காற்று முதலில்

எரிபொருள் கோளாறு என்றதும் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குவது தவறான வரிசை. ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைகிறது, கலவையில் பெட்ரோல் கூடுகிறது, கரும்புகை வருகிறது, பிளக் உலர்ந்த கரி பூசிக்கொள்கிறது. நெல் ஆலைகள் உள்ள சாலையில் தினமும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் ஃபில்டர் கணக்கு பொருந்தாது. பாதித் தூரத்திலேயே திறந்து பார்ப்பது நல்லது. உமிச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. கிழிந்த ஃபில்டர் வழியாக அது உள்ளே போனால் ரிங்கையும் போரையும் அரித்துவிடும். அதற்குப் பின் வருவது நீலப்புகை. ஆயில் எரிகிறது என்று பொருள். கலவையைத் திருத்தி அதைப் போக்க முடியாது. ஐம்பது, நூறு ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய ஃபில்டர் வேலை போர் வேலையாக முடிவது இப்படித்தான். காகித ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் சுத்தம் செய்பவர்கள் உள்பக்கத்திலிருந்து வெளியே ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாக ஏறும்.

கார்புரேட்டர் வண்டிகள்

டிவிஎஸ் 50 மொபெட் 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது. அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகள் பல ஆண்டுகள் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடின. நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது 2015-இல். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சிறிதளவு நீலப்புகை இயல்பு. லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் என்றால் 50:1. கையேடு சொல்லும் அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் நீடித்து உழைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. உண்மையில் கூடுதல் ஆயில் சைலன்ஸரில் கரியாகப் படிந்து அடைக்கிறது. அதே ஜெட் வழியாகப் போகும் கலவையில் பெட்ரோலின் பங்கும் குறைகிறது. மேட்டில் ஏறாத பழைய மொபெட்டுக்குப் பாதி நேரம் சைலன்ஸர் அடைப்பே காரணம். பிஸ்டனைப் பிரிக்கும் முன் சைலன்ஸரைக் கழற்றிப் பார்க்கலாம்.

மற்ற அறிகுறிகளில் எப்போது மக்கர் செய்கிறது என்பதே முக்கியமான துப்பு. சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுவிட்டால் ஸ்லோ ஜெட் அடைப்பு. ஸ்லோ ஸ்பீடில் ஒழுங்காக இருந்து, முறுக்கும்போது இழுக்காமல் போனால் மெயின் ஜெட் அல்லது பெட்ரோல் வரத்துக் குறைவு. ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டி, பிளக்கும் கறுத்திருந்தால் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை. ஸ்லோ ஸ்பீடு தானாக ஏறி இறங்கினால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கலாம். சோப்புத் தண்ணீரைத் தடவி, சத்தம் மாறுகிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும். பெட்ரோலை ஊற்றிச் சோதிக்கும் முரட்டு முறை சூடான எஞ்சின்மேல் செய்யத் தகாதது.

சில கிலோமீட்டர் ஓடி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்பும் என்ற புகாரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காக காயில், சி.டி.ஐ., கார்புரேட்டர் எனச் செலவழித்தவர்கள் நிறைய. டேங்க் மூடியில் காற்றுத் துளை ஒன்று உண்டு. அது அழுக்கால் அடைத்தாலோ, மழைக்குப் பயந்து மூடியின்மேல் பாலிதீன் கட்டினாலோ, பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வருவது நிற்கிறது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். சோதனை அவ்வளவுதான். சித்திரை, வைகாசி வெயிலில் இதே அறிகுறி, குழாயில் பெட்ரோல் ஆவியாகித் தடுப்பதாலும் வரும். அப்போது மூடியைத் திறந்தும் பயனிருக்காது, எஞ்சின் ஆற வேண்டும்.

பிளக்கின் நிறம் இன்றும் மலிவான கருவி. இளம் பழுப்பு சரி. உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு ஆயில் ஏறுவதைக் காட்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எஞ்சின் சூடேறுகிறது.

இன்ஜெக்ஷன் வந்த பிறகு

வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ்-6 (பிஎஸ்-6) விதி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம்-க்கு இறங்கியது. பெட்ரோல் இருசக்கர வாகனங்களிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. எக்ஸ்எல் 100-க்கும் இன்ஜெக்ஷன் வந்தது. இதற்கு முந்தைய படியில் பெருநகரமும் சிற்றூரும் சமமாக நடத்தப்படவில்லை: சென்னைக்கு 2010-இல் கிடைத்த பிஎஸ்-4 எரிபொருள் நாடு முழுமைக்கும் ஆனது 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலத்தில் சிறு ஊர்களில் விற்ற பிஎஸ்-3 டீசலில் 350 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம். சென்னை டீசலுக்கு வரம்பு 50.

இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் ஒரு குறியெண்ணைக் காட்டும். அது பழுதான பாகத்தின் பெயர் அல்ல. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்றுதான் பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அர்த்தமில்லை. சென்சார் தன் வேலையைச் செய்து உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபியூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் விழுக்காடு. இது கூட்டியோ குறைத்தோ 10-க்குள் இருந்தால் கவலையில்லை. ஸ்லோ ஸ்பீடில் மிக உயர்ந்து, 2,500 சுற்றில் இயல்புக்கு வந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது. சுமை ஏற ஏற உயர்ந்தால் பம்ப் தளர்ந்திருக்கும் அல்லது ஃபில்டர் அடைத்திருக்கும். பி0300 மிஸ்ஃபயரைக் குறிக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும். பிறகு வருவது, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் விலை கூடிய கன்வெர்ட்டரை விட்டு, பிளக்கிலிருந்து தொடங்குவதே முறை.

எத்தனால் கலப்பு

பெட்ரோலில் எத்தனால் 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காட்டுக் கலப்பின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-இல் அதுவே பங்குகளில் பொதுவான பெட்ரோல் ஆகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே இருப்பதால், இந்தக் கலப்பில் மைலேஜ் கணக்குப்படி 6 அல்லது 7 விழுக்காடு குறைகிறது. 50 கிலோமீட்டர் தந்த வண்டி 47 தந்தால் எரிபொருளின் இயல்பு. 38 தந்தால் கோளாறு. இந்த வேறுபாட்டைப் பாராமல் எல்லாப் பழியையும் எத்தனால்மேல் போடுவது இப்போதைய வழக்கம்.

ஆனால் பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்களின் புகாரில் உண்மை உண்டு. 20 விழுக்காட்டுக் கலப்புக்குத் தேவையான காற்று விகிதம் 13.5 அளவுக்கு இறங்குகிறது. இன்ஜெக்ஷன் அதைத் தானாக ஈடுகட்டும். கார்புரேட்டரின் ஜெட் துளையால் அது முடியாது. சூடும் இழுவைக் குறைவும் தெரிந்தால் ஒரு எண் பெரிய ஜெட் போடுவது பொருத்தமான வைத்தியம். பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பலாம், டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடு கிளம்பி ஃபில்டரை அடைக்கலாம். எத்தனால் தண்ணீரை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு கிளம்பாத வண்டியில், ஃப்ளோட் கிண்ணத்து எரிபொருளைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால் அடியில் தனி அடுக்கு கண்ணுக்கே தெரியும்.

கலப்படச் சந்தேகம் வந்தால் பங்கிலேயே வடிதாள் சோதனை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு: ஒரு துளி பெட்ரோல் தாளில் கறை விடாமல் ஆவியாக வேண்டும்.

டீசல்

2005-இல் வந்த டாடா ஏஸ், ஊரார் வாயில் 'குட்டி யானை', அரிசி மூட்டைச் சுமைக்குப் பழகிய வண்டி. சுமையோடு கரும்புகை தள்ளினால் ஃபில்டர், நாசில் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் எத்தனை மூட்டை ஏற்றினார்கள் என்று கேட்பது நல்லது. காலையில் மட்டும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. சூடான பின்னும் நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம். கிணற்றடி ஆயில் எஞ்சின் டீசல் தீர்ந்து நின்றால், மறுபடி ஊற்றினாலும் கிளம்பாது. குழாய் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும்.

பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி தன்னிடம் சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்துத் தீர்க்கும். கடைவீதிக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் காருக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை; விளக்கு எரியத் தொடங்கும். சேலை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரை நிற்காமல் போய்வரும் கார்களில் இந்தப் புகார் அரிது. யூரியா கரைசல் கேட்கும் பெரிய வண்டிகளில் உர யூரியாவைக் கரைத்து ஊற்றுவது நாசமாக்கும் சிக்கனம்: அந்தக் கரைசல் 32.5 விழுக்காட்டுத் தூய யூரியா. உர யூரியாவோ தூயதல்ல, 2015 முதல் அதற்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம்.

புகைச் சான்று

பெட்ரோல் வண்டிக்கு ஸ்லோ ஸ்பீடில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. 2000 மார்ச்சுக்குப் பிந்தைய பழைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு வரம்பு 3.5 விழுக்காடு, 4,500 பிபிஎம்; பிஎஸ்-4 கார்களுக்கு 0.3 விழுக்காடு, 200 பிபிஎம். முதல் எண் உயர்ந்தால் பெட்ரோல் அதிகம். இரண்டாவது மட்டும் உயர்ந்தால் பிளக், வால்வு பக்கம் தேட வேண்டும். இந்தத் துப்புக்காகவே அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தலாம். சான்று இல்லாவிட்டால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 10,000 ரூபாய் வரை. சோதனைக்கு முன் ஏர் ஸ்க்ரூவைத் திருகித் தேறிவிட்டு, வெளியே வந்ததும் பழையபடி திருப்பிவைக்கும் தந்திரத்தால் அபராதம் தப்பும். பெட்ரோல் செலவு அப்படியே இருக்கும்.

தறி வீட்டு ஜெனரேட்டர்

தமிழகத்தில் 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சிறு ஜெனரேட்டர்கள் பல இன்று மூலையில் கிடக்கின்றன. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைப்பதே அவற்றின் தலையாய கோளாறு. நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டால் இதைத் தவிர்க்கலாம். வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ இல்லை, தலைவலியும் மயக்கமுமே முதல் அறிகுறி. குழித்தறி உள்ள வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. கூடத்தில் சிந்தினால் தறிக்குழிக்குள் இறங்கித் தங்கும். எரிபொருள் நிரப்புவதும் கார்புரேட்டர் கழற்றுவதும் வாசலுக்கு வெளியே, எஞ்சின் ஆறிய பிறகு செய்ய வேண்டிய வேலை.