கரி டப்பாவும் ஈரத்துணியும்

போன வருஷம் நைனா நியூஜெர்சி வந்திருந்தபோது என் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. (எங்க சித்தூர் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது, வீட்டில் தமிழ் நின்றுவிட்டது, நடுவில் இப்படிச் சில வார்த்தைகள்.) வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ஆனால் விளக்கு எரிந்தால் இங்கே இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில். கோட் பி0442, அதாவது பெட்ரோல் ஆவி போகும் வழியில் சின்னக் கசிவு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேனிஸ்டர், வால்வு எல்லாம் மாற்ற 900 டாலர் கேட்டார்கள். எங்கே கசிகிறது என்றால் பதில் இல்லை.

"ஆவிக்கு எதுக்குடா விளக்கு? எங்க காலத்துல ஆவியே வண்டிய நிறுத்திடுமே" என்றார் நைனா.

அவர் சொன்னது உண்மை. சித்தூரிலிருந்து திருப்பதி 70 கிலோமீட்டர் சொச்சம். முப்பது வருஷம் அந்த ரோட்டில் டாக்ஸி ஓட்டியவர். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-ல் வந்தது, இரண்டாவது 1974-ல். இன்றைக்கு ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. சித்திரை வெயிலில் அம்பாசடரில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேலே போனால் பாதி வழியில் இன்ஜின் இருமும், பிறகு நின்றுவிடும். அந்தக் கால வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருந்தது. டேங்க்கிலிருந்து அது உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். சூட்டில் பெட்ரோல் அங்கேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப்பால் ஆவியை இழுக்க முடியாது. இதுதான் வேப்பர் லாக். வைத்தியம்? பம்ப் மேல் ஈரத்துணி. பானட்டைத் திறந்துவைத்து ஒரு பீடி பிடிக்கிற நேரம் (தள்ளி நின்றுதான்!) காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். பக்தர்கள் பெருமாள் சோதிக்கிறார் என்பார்களாம் :-)

பம்ப்பை டேங்க்குக்குள் வைத்துத் தள்ளுகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்ததும் ஈரத்துணிக்கு வேலை போய்விட்டது. ஆனால் ஆவி? அது எங்கேயும் போகவில்லை. வெயிலில் நிற்கிற வண்டியின் டேங்க்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். பழைய வண்டிகளில் அது நேராகக் காற்றில் கலந்தது. யாரும் கவலைப்படவில்லை.

கவலை தொடங்கியது கலிபோர்னியாவில். 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண் எரிகிற புகைமூட்டம் மூடியது. போர்க்காலம் என்பதால் எதிரியின் விஷவாயுவோ என்றுகூடப் பயந்தார்களாம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். வெயிலும் வண்டியும் இருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும், நம்ம திருப்பதி ரேணிகுண்டா உட்பட.

1970 மாடல்களிலிருந்து கலிபோர்னியாவிலும் 1971-லிருந்து அமெரிக்கா முழுக்கவும் ஆவியைப் பிடித்துவைக்க வேண்டும் என்றாயிற்று. எதில் பிடிப்பது? கரியில். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்குள் வைத்த அதே ஆக்டிவேட்டட் கார்பன். 1918-ல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டையும் ஓடுகளும் வீடு வீடாகச் சேகரித்தது இந்தக் கரிக்காகத்தான். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முகமூடிக்குப் பேர்போனது. காருக்குப் பெரும்பாலும் மரக்கரிதான், ஏனென்றால் பிடித்தால் மட்டும் போதாது, விடவும் வேண்டும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும், இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும்.

1996-லிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஓபிடி-2 வந்தது. அப்புறம் படிப்படியாகக் கசிவைத் தேடும் வேலையும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. முதலில் 1 மில்லிமீட்டர் ஓட்டை, 2000 மாடல்களிலிருந்து அதில் பாதி. டேங்க்கை மூடி, அழுத்தத்தை மாற்றி, அது நிற்கிறதா என்று பார்க்கும். டேங்க் ரொம்ப நிறைந்திருந்தாலோ காலியாக இருந்தாலோ சோதிக்காது. முக்கியமான விஷயம்: ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எங்கே என்று சொல்லாது.

அதை நைனா சொன்னார். மூன்று நாள் காலையில் வண்டியைச் சுற்றி வந்தார். நான்காம் நாள், "ஃபுல் டேங்க் போட்ட மறுநாள்தான் வாசனை வருது. பாதி டேங்க்ல வரல. அப்போ ஓட்டை மேல இருக்குது. மூடிக்கும் டேங்க்குக்கும் நடுவுல பாரு" என்றார்.

வேறு ஒரு மெக்கானிக்கிடம் போய் ஸ்மோக் டெஸ்ட் மட்டும் கேட்டேன். குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவார்கள். பின்சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால், டேங்க்குக்குப் போகும் ஃபில்லர் குழாயிலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை. குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு அரித்திருந்தது. குழாய் மாற்றினோம். 900-ல் பாதிகூட ஆகவில்லை. கேனிஸ்டர் நன்றாகத்தான் இருந்தது.

உங்களுக்கும் இந்த விளக்கு எரிந்தால் பதறாதீர்கள். முதலில் மூடியைக் கழற்றி அதன் ரப்பரைப் பாருங்கள், கிளிக் சத்தம் வரும்வரை மூடுங்கள். பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணினால் பர்ஜ் வால்வைச் சந்தேகப்படுங்கள். பங்க்கில் துப்பாக்கி தானாக நின்ற பிறகு ரவுண்டாக்க மேலும் ஊற்றச் சொல்லாதீர்கள், அந்தப் பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன் ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் தம்பி வண்டியிலும் கரி டப்பா உண்டு. 2017-ல் பி.எஸ்.4 வந்தபோது பைக்குக்கும் வந்துவிட்டது. ஆனால் ஐரோப்பிய வழியைப் பின்பற்றும் இந்திய விதிகளில் இந்த மாதிரி ஊசி ஓட்டையைத் தேடும் கட்டாயம் கிடையாது. அங்கே விளக்கு எரியாது. கசிந்தால் மூக்குக்குத்தான் தெரியும்.

நைனா ஊருக்குப் போனதும் தம்பியிடம் சொன்ன முதல் வேலை அதுதானாம். "ஃபுல் டேங்க் போட்ட மறுநாள் காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வாடா. பீடி இல்லாம."