நான்கு பற்களின் வழக்கு: பற்சீராக்கச் சிகிச்சைத் திட்டமிடலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி, நெருங்கி முறுகி நிற்கும் பற்களைச் சீராக்கும் பொருட்டுப் பல்வைத்தியரிடம் அழைத்துவரப்படுகிறாள் எனக் கொள்வோம். பற்கள் யாவும் ஒழுங்காக நிற்பதற்கு அவளது தாடையில் இடம் போதாது. வைத்தியர் முன் இரு வழிகள் உள. பல்வரிசையின் வளைவை அகலச் செய்து எல்லாப் பற்களுக்கும் இடந்தேடுவது ஒன்று. நோயற்ற நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, எஞ்சியவற்றை அவ்விடைவெளியைக் கொண்டு ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. பிடுங்கப்பட்ட நிரந்தரப் பல் மீண்டும் முளைப்பதில்லை. எனவே கம்பி கட்டுவதற்கு முன்னர் வகுக்கப்படும் திட்டமே இச்சிகிச்சையின் உயிர்நிலை எனலாம். அத்திட்டத்தை எதனை அளவுகோலாகக் கொண்டு வகுப்பது? இவ்வினாவுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக அளிக்கப்பட்டு வந்த விடைகளை இங்கு நோக்குவோம்.

பற்களை நகர்த்தும் கலை பழைமையானது. 1728ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டவரான பியர் போஷார் பல்வளைவை விரிக்கும் உலோகப்பட்டியொன்றைத் தமது நூலில் விவரித்தார். ஆயினும் இதனைத் தனித்துறையாக நிறுவியவர் அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள் ஆவார். 1899இல் அவர் வெளியிட்ட வகைப்பாடு, மேல் முதற் கடைவாய்ப்பல்லை ஆதாரமாகக் கொண்டு, கீழ்ப்பற்கள் அதனோடு பொருந்தும் முறையை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. அவ்வகைப்பாடு இன்றும் வழக்கிலுண்டு. தொடக்கத்திற் பல் பிடுங்குவதை ஏற்றிருந்த ஆங்கிள், 1907ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை முற்றாக மறுத்தார். முப்பத்திரண்டு பற்களும் செவ்வனே பொருந்துமாயின் முகமும் தானே அழகு பெறும். நகர்த்தப்பட்ட பற்களைச் சூழ்ந்து எலும்பும் வளரும் என்பன அவர் கொள்கை. அதாவது திட்டம் ஒன்றே. நோயாளர் மாத்திரமே வேறுபட்டனர்.

இக்கொள்கையைக் கல்வின் கேஸ் எதிர்த்தார். பற்களையும் தாடையையும் மனிதன் பரம்பரையாகப் பெறுகின்றான் என்றும், இவற்றின் அளவுகள் ஒன்றோடொன்று இசையாதவிடத்து எல்லாப் பற்களையும் காக்க முனைவது முகத்தைக் கெடுக்கும் என்றும் அவர் வாதிட்டார். 1911இல் நடைபெற்ற புகழ்பெற்ற விவாதத்தில் ஆங்கிளின் மாணாக்கரான மாட்டின் டூவி அவருக்கு மறுப்புரைத்தார். கேஸ் எல்லோருக்கும் பல் பிடுங்குமாறு கூறினாரல்லர். வேண்டியவிடத்துப் பிடுங்குக என்றே கூறினார். ஆயினும் அமெரிக்காவில் ஆங்கிளின் கட்சியே அன்று மேலோங்கியது.

இக்கட்சி உள்ளிருந்தே உடைந்தமை நோக்கற்பாலது. ஆங்கிளிடம் பயின்ற சாள்ஸ் டுவீட் அரிசோனாவில் ஆசான் வழி நின்றே சிகிச்சையளித்தார். சில ஆண்டுகளின் பின் தம் நோயாளரை ஆராய்ந்தபோது, பலரின் பற்கள் மீண்டும் நெருங்கியதையும் உதடுகள் முன்தள்ளி நின்றதையும் கண்டார். தம் தோல்வியை மறைக்காது, அத்தகையோருக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி மறுமுறையுஞ் சிகிச்சையளித்தார். இருமுறை சிகிச்சை பெற்ற நூறு பேரின் பதிவுகளை 1940இல் அவர் தம் சகாக்கள் முன் வைத்தார். ஆங்கிளின் மற்றொரு மாணாக்கரான அவுஸ்திரேலியர் றேமன்ட் பெக், ஆதிக்குடியினரின் தேய்ந்த பற்களைச் சான்றாகக் காட்டி, மென்மையான உணவுண்ணும் இக்கால மனிதரிடம் அத்தேய்வு இல்லாமையால் இடம் போதாமற் போகின்றது என 1954இல் எழுதினார்.

இதற்கிடையே திட்டமிடலுக்குப் புதியதொரு கருவி கிடைத்தது. 1931இல் அமெரிக்காவில் புறோட்பென்ட், ஜேர்மனியில் ஹோஃப்ராத் ஆகியோர், தலையை நிலையாக நிறுத்தி எக்ஸ் கதிர்ப்படம் எடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். தாடைகளின் உறவைப் பாகைக் கணக்கில் அளத்தல் இதனாற் கைகூடிற்று. கீழ் வெட்டும்பல் கீழ்த்தாடைத் தளத்துக்கு ஏறத்தாழ 90 பாகையில் நிற்றல் வேண்டும் என டுவீட் வரையறுத்தார். ஆனால் எண்களும் யாரோ ஒருவரின் முகத்திலிருந்தே பெறப்பட்டவை. 1948இல் டவுண்ஸ் வெளியிட்ட அளவுகள், 12 முதல் 17 வரை வயதுடைய இருபது வெள்ளையினத்தவரிடமிருந்து பெறப்பட்டவை. 1951இலேயே அவ்வளவுகள் கறுப்பின, சீன, யப்பானிய வம்சாவளியினரோடு ஒப்புநோக்கப்பட்டு, வேறுபாடுகள் எடுத்துக்காட்டப்பட்டன. ஓரினத்தாரின் சராசரியை மற்றோரினத்தாருக்கு இலக்காக விதிப்பது, ஆங்கிளின் ஒரே திட்டத்தை எண் வடிவில் மீட்டெழுதுவதேயன்றி வேறில்லை.

பல் பிடுங்கும் வழக்கம் பெருகிப் பின்னர் தளர்ந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகச் சிகிச்சை நிலையத்திற் பல் பிடுங்கப்பட்டோர் 1953இல் நூற்றுக்கு 30 பேர், 1968இல் 76, 1993இல் 28. நாற்பது ஆண்டுகளுள் மக்களின் தாடைகள் இவ்வாறு மாறியிருத்தல் இயலாது; மாறியது வைத்தியரின் கருத்தே. பல் பிடுங்கினால் ஒழுங்கு நிலைக்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிட்டில் முதலானோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், முன்கடைவாய்ப் பற்கள் பிடுங்கப்பட்ட 65 பேருள், பற்களை நிலைநிறுத்தும் கருவியை நீக்கிப் பத்தாண்டுகள் கழிந்தபின் கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றவர் மூன்றிலொரு பங்கினருங் குறைவே. எனவேதான் அக்கருவியை நெடுங்காலம் அணியுமாறு இன்று வைத்தியர் வற்புறுத்துகின்றனர்.

இவ்வனுபவங்களின் பயனாகத் திட்டமிடும் முறையே மாறிற்று. ஒரே இலக்கை நோக்கி எல்லோரையும் செலுத்தாது, ஒவ்வொருவரின் குறைபாடுகளையும் நிரற்படுத்தி, உதடு, புன்னகை, வளர்ச்சி, முரசின் நலம், நோயாளரின் விருப்பம் ஆகியவற்றையும் சீர்தூக்கித் திட்டம் வகுப்பதே இன்றைய நெறியாகும். நெருக்கம் சிறிதாயின் பல் பிடுங்கவேண்டியதில்லை. பெரிதாயின் அல்லது உதடுகள் மிக முன்தள்ளியிருப்பின் பிடுங்குதலே தக்கதாகலாம்.

கேஸ் 1911இற் கூறியதும் ஏறத்தாழ இதுவே. அவர் சொல் ஏற்கப்படாத காலத்தில் விரிக்கலாகாத வளைவுகள் விரிக்கப்பட்டன; பின்னர் பிடுங்கலாகாத பற்கள் பிடுங்கப்பட்டன. ஆசானை ஐயுற அஞ்சிய துறை, தன் நோயாளரின் வாயில் அதற்கு விலை கொடுத்தது. தம் சிகிச்சையின் முடிவைத் தாமே மீளச் சென்று பார்த்த டுவீட்டின் நேர்மையே, அவர் கண்ட அளவுகளிலும் மேலாக, நாம் அவரிடங் கற்கவேண்டியதாகும். நாம் முதலிற் கண்ட சிறுமிக்கு எவ்வழி தக்கது என்பதற்கு எந்நூலிலும் ஆயத்தமான விடையில்லை. அவ்விடையை அவளது முகத்திலும் வாயிலும் அவளது விருப்பத்திலுமே தேடவேண்டும்.