பெயர் அச்சாகாதவர்களின் மாநாடு

செய்தித்தாளில் செய்திக்கு மேலே நிருபர் பெயர் இருக்கும். படத்துக்குக் கீழே படம் எடுத்தவர் பெயர் இருக்கும். அந்தச் செய்தியை இரவு பதினோரு மணிக்குக் கையில் வாங்கி, பிழை களைந்து, நீளத்தைக் குறைத்து, தலைப்பும் போட்டு அச்சுக்கு அனுப்பியவர் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. நம் பக்கம் இவரை உதவி ஆசிரியர், சப்-எடிட்டர் என்கிறோம். அமெரிக்காவில் காப்பி எடிட்டர் என்பார்கள். அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வரைவு எழுதி, திருத்தி, சுத்தப் பிரதி எடுத்து, வேறொருவர் கையெழுத்துக்காகக் கோப்பில் வைத்தவன் நான். இந்த வர்க்கத்தின் மேல் எனக்கு ஓர் ஒட்டுதல் இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒரு மாநாடு கூட்டி, ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் லாட வடிவத்தில் ஒரு பெரிய மேசை போட்டிருக்கும். லாடத்தின் உள்வளைவில் தலைமை எடிட்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்துக்கு 'ஸ்லாட்' என்று பெயர். வெளி விளிம்பைச் சுற்றி மற்றவர்கள், அது 'ரிம்'. ஸ்லாட்காரர் செய்தித் தாள்களை விளிம்பில் இருப்பவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். திருத்திய பின் அது மறுபடி அவரிடமே வரும். அவர் பார்த்து அனுமதித்தால்தான் அச்சுக்குப் போகும். எழுத்தர், கண்காணிப்பாளர் ஏற்பாட்டைப் போலத்தான். கணினி வந்து லாட மேசை போன பிறகும் ஸ்லாட், ரிம் என்ற சொற்கள் நிலைத்துவிட்டன.

கணினி வந்ததில் வேறொரு காரியமும் நடந்தது. ஈய எழுத்துக் கோக்கும் அச்சுக்கூடங்கள் மூடப்பட்டன. புரூப் ரீடர்களையும் படிப்படியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பார்த்த வேலை, பக்கம் கட்டுவது உட்பட, 1980களிலும் 90களிலும் இந்தக் காப்பி எடிட்டர்கள் தலையில் விழுந்தது. வேலை கூடியது, ஆள் கூடவில்லை. நிருபர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் தனித்தனிச் சங்கங்களும் ஆண்டு மாநாடுகளும் உண்டு. இவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரவு வேலைக்காரர்கள் எங்கே கூடுவது?

பாம் ராபின்சன், ஹேங்க் கிளாமன் என்ற இருவர் முயன்று, அமெரிக்கக் காப்பி எடிட்டர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'ஏசஸ்' என்பார்கள். 1997இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் முதல் மாநாடு. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஓர் ஊர்.

இந்த மாநாட்டில் என்னைக் கவர்ந்தது அதன் வகுப்புகள்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் பயிற்சி வகுப்புகள் நடந்தன. மேலிருந்து ஒருவர் வருவார், விதிப் புத்தகத்தைத் திறந்து படிப்பார், டீயும் பிஸ்கெட்டும் வரும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். மேசையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தவர் யாரும் எங்களுக்கு வந்து சொல்லிக்கொடுத்ததில்லை. ஏசஸில் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் நேற்று இரவு வரை அதே வேலையைப் பார்த்தவர்கள். நியூயார்க் டைம்ஸின் மெரில் பெர்ல்மன் மாதிரியானவர்கள் இலக்கணம் நடத்துவார்கள். தலைப்புப் போடுவதற்கு ஒரு வகுப்பு, அவதூறு வழக்கில் சிக்காமல் எழுதுவதற்கு ஒன்று, எண்களைக் கையாள்வதற்கு ஒன்று. பலர் சொந்தக் காசு போட்டு வந்து கேட்டார்கள்.

எண்களுக்கு எதற்கு வகுப்பு என்று கேட்பவர்கள் நம் ஓய்வூதியச் செய்திகளையே எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை முதல் அகவிலை நிவாரணம் 50 விழுக்காட்டிலிருந்து 53 ஆனது. '3 விழுக்காடு உயர்வு' என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள். கணக்குப்படி அது 3 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு. 50இல் 3 கூடினால் அந்த நிவாரணம் 6 விழுக்காடு உயர்ந்தது என்று பொருள். நமக்கு வரும் பணம் மாறப்போவதில்லை. ஆனால் வரியைப் பற்றியோ நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றியோ இப்படி எழுதினால் ஊர் தவறாகப் புரிந்துகொள்ளும்.

தலைப்பும் அப்படித்தான். 'நாய் கடித்த சிறுவன் மருத்துவமனையில் அனுமதி' என்று ஐந்து சொல்லில் எழுதிவிடலாம். நாய் சிறுவனைக் கடித்ததா, சிறுவன் நாயைக் கடித்தானா? தமிழ்ப் பெயரெச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் ஒரே உருவில் இருப்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஓர் அறையில் ஐம்பது பேர் உட்கார்ந்து இப்படிப்பட்ட தலைப்புகளைப் பிரித்து மேய்வதை நினைத்துப் பாருங்கள். எனக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் மதியச் சாப்பாட்டையும் மறந்திருப்பேன். பிரெஞ்சுப் பள்ளியில் 'டிக்தே' எழுதி வளர்ந்தவன் நான். ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும். ஐந்து பிழை விட்டால் இருபதுக்குச் சுழி. ஒற்றெழுத்துக்குப் பயந்த பழக்கம் சாகும்வரை போகாது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலைக்கு வேறு வழி கண்டார்கள். பாரீசில் பத்திரிகைப் பிழை திருத்துவோருக்கு 1881லேயே தொழிற்சங்கம் வந்துவிட்டது. திருத்துபவரை 'கொரெக்த்தேர்' என்பார்கள். அவர்கள் உட்காரும் அறைக்கு 'கஸ்தேன்' என்று பெயர். பியேர் மொனாத் போன்ற புரட்சிக்காரர்கள் அந்த வேலை பார்த்துப் பிழைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் சங்கம் வைத்துக் கூலிக்குச் சண்டை போட்டார், அமெரிக்கர் ஓட்டலில் கூடிக் காற்புள்ளிக்குச் சண்டை போட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் காற்புள்ளிச் சண்டையை லேசாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேட்டைத்தான் பின்பற்றுகின்றன. அந்தக் கையேட்டின் ஆசிரியர்கள் ஏசஸ் மாநாட்டுக்கு வந்து தங்கள் மாற்றங்களை அறிவிப்பது வழக்கமாயிற்று. சட்டம் இயற்றுகிறவர்களும் அதைத் தினமும் அமல்படுத்துகிறவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை சுற்றறிக்கைகள் பிறக்காமலே போயிருக்கும்!

2011இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் மாநாடு. 'ஈமெயில்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஈ'க்கும் 'மெயில்'க்கும் நடுவே இருந்த சிறுகோடு இனி வேண்டாம் என்று அறிவித்தார்கள். உலகச் செய்தியாகிவிட்டது. அதே பட்டியலில் நம் நாட்டு ஊர் ஒன்றும் இருந்தது: கல்கத்தா இனிமேல் கொல்கத்தா. இங்கே அரசு முறைப்படி மாற்றியது 2001இல். அந்தக் கையேட்டுக்குப் போய்ச்சேரப் பத்து வருடம்.

நம் ஊர்ப் பெயரும் 2006 அக்டோபரில் ஆங்கிலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி ஆனது அன்பர்களுக்கு நினைவிருக்கும். தமிழில் நாம் எப்போதும் புதுச்சேரிதான். பிரெஞ்சில் இன்றும் போந்திஷெரிதான். மாறியது ஆங்கிலம் மட்டும். அதற்கே கடிதத்தாள், ரப்பர் முத்திரை, பெயர்ப்பலகை என்று அலுவலகம் ஒரு வழியாகிவிட்டது. முத்திரையில் பழைய பெயர், கடிதத்தில் புதுப் பெயர் என்று எத்தனை தாள்கள் போயின! பல்கலைக்கழகம் இன்றும் பழைய பெயரையே வைத்திருக்கிறது. ஒரு சொல்லை மாற்றுவது என்றால் எத்தனை கை அதைத் தொட வேண்டும் என்பது எழுத்தருக்கும் காப்பி எடிட்டருக்கும்தான் தெரியும்.

2014 லாஸ் வேகாஸ் மாநாட்டில் பெரிய சலசலப்பு. ஆங்கிலத்தில் 'ஓவர்' என்ற சொல் இடத்தில் மேலே இருப்பதைக் குறிக்க மட்டும், எண்ணிக்கைக்கு 'மோர் தேன்'தான் எழுத வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வந்திருந்தார்கள். இரண்டும் சரி என்று கையேட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லை அடித்து மாற்றி எழுதியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நாம் 'நூறு பேருக்கு மேல் வந்தார்கள்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். யாரும் தலைக்கு மேலே பறந்து வந்ததாக நினைப்பதில்லை. என் ஓட்டு கையேட்டுக்காரர்களுக்கே.

2017 மார்ச்சில் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர மாநாட்டில் வந்த அறிவிப்பு இன்னும் பெரியது. ஆணா பெண்ணா என்று குறிப்பிட முடியாத, அல்லது குறிப்பிட விரும்பாத ஒருவரைப் பற்றி எழுதும்போது, பன்மைச் சொல்லான 'தே'யை ஒருமைக்கும் சில இடங்களில் பயன்படுத்தலாம் என்றார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் 'அவர்' என்ன? பழைய இலக்கணத்தில் பன்மை. மரியாதைக்காக ஒருவருக்கும் சொல்லத் தொடங்கினோம். பிறகு பன்மைக்கு ஆள் இல்லாமல் 'கள்' சேர்த்து 'அவர்கள்' ஆக்கிக்கொண்டோம். 'அவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சில் இந்தச் சலுகை கிடையாது. 'இல்' அல்லது 'எல்', இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த அறிவிப்புகளெல்லாம் வந்துகொண்டிருந்த அதே வருடங்களில் வகுப்புக்கு வந்தவர்களின் நாற்காலிகள் அலுவலகத்தில் காலியாகிக்கொண்டிருந்தன. விளம்பர வருமானம் இணையத்துக்குப் போனபோது முதலாளிகள் முதலில் கைவைத்தது இங்கேதான். நிருபரை எடுத்தால் செய்தி குறைவது வாசகருக்கு உடனே தெரியும். திருத்துபவரை எடுத்தால் உடனே தெரியாது. 2002க்கும் 2012க்கும் இடையே அமெரிக்க நாளிதழ்களில் காப்பி எடிட்டர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. பல ஊர்ப் பத்திரிகைகளின் பக்கங்களை ஒரே மையத்தில் வைத்துத் திருத்தும் ஏற்பாடும் வந்தது. அந்த ஊரின் தெருப் பெயர் தெரியாதவர் அந்த ஊர்ச் செய்தியைத் திருத்துவார். 2008இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி ரெஜிஸ்டர் நாளிதழ், தில்லியை ஒட்டி இயங்கிய மைண்ட்வொர்க்ஸ் நிறுவனத்திடம் ஒரு மாதச் சோதனையாக இந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது என்று மகிழ்வதா, அங்கே வேலை போனவருக்காக வருந்துவதா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

மாநாட்டு வகுப்புகளும் நிறம் மாறின. தேடுபொறிக்கு ஏற்றபடி தலைப்பு எழுதுவது, சமூக ஊடகத்தில் எழுதுவது, பத்திரிகையை விட்டு வெளியே போய்த் தனியாகத் தொழில் நடத்துவது என்றெல்லாம் பாடங்கள் வந்தன. நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் புத்தகப் பதிப்பகங்களிலும் திருத்துகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். சங்கமும் 'காப்பி எடிட்டர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து விரித்துச் சொல்வதை விட்டு, எடிட்டிங்குக்கான சங்கம் என்று தன்னை அழைத்துக்கொண்டது. சங்கம் வளர்ந்ததும் அதைப் பெற்ற வேலை சுருங்கியதும் ஒரே காலத்தில் நடந்தன.

2017இல் நியூயார்க் டைம்ஸ், தன் தனிக் காப்பி மேசையையே கலைப்பதாக முடிவெடுத்தது. அங்கே 100க்கும் மேற்பட்டவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள். ஜூன் 29 அன்று அவர்களும் மற்றப் பத்திரிகையாளர்களும் சிறிது நேரம் வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். கையில் பிடித்த அட்டைகள் சிலவற்றில் வேண்டுமென்றே எழுத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள், திருத்த ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான் வரும் என்று காட்டுவதற்காக. முடிவு மாறவில்லை.

அந்த மாநாடுகளில் வழக்கமாக வகுப்பெடுத்தவர்களில் பில் வால்ஷ் ஒருவர். வாஷிங்டன் போஸ்ட்டில் காப்பி எடிட்டர். தன் இணையப் பக்கத்துக்கே 'ஸ்லாட்' என்று பெயர் வைத்தவர், இந்தத் தொழிலைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியவர். ஈமெயிலில் அந்தச் சிறுகோடு இருந்தே தீர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். 2015 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் அந்தக் கோட்டை எடுத்தபோது, அதை வாசகர்களுக்கு எழுதி அறிவித்தவரும் அவரே. ஒருமை 'தே'யையும் அதே அறிவிப்பில் ஏற்றுக்கொண்டார். 2017 மார்ச் 15 அன்று, புளோரிடா மாநாடு கூட ஒரு வாரமே இருந்தபோது, புற்றுநோயால் இறந்தார். வயது 55. அவர் பெயரில் ஏசஸ் ஒரு கல்வி உதவித்தொகை வைத்திருக்கிறது. செய்தி எடிட்டிங் வேலைக்குப் போக விரும்பும் மாணவர் ஒருவருக்கு அதைக் கொடுக்கிறார்கள்.