காக்கை வன்னியனும் நல்லூரின் வீழ்ச்சியும்

யாழ்ப்பாணத்தரசு எவ்வாறு அழிந்தது என்று நம் கிராமங்களில் வாழும் முதியவர் எவரைக் கேட்பினும், "காக்கை வன்னியன் காட்டிக் கொடுத்தான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், ஏறத்தாழ 1736 ஆம் ஆண்டளவில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இக்கதையைக் கூறுகின்றது. கூத்துக் களரியும் நாடக மேடையும் அதனை மக்கள் நெஞ்சில் நிலைநிறுத்தின. ஓர் அரசின் அழிவை ஒரு மனிதனின் வஞ்சகத்துள் அடக்கிக் கூறும் இக்கதை கேட்பதற்கு எளியது; நினைவில் நிற்பதற்கும் எளியது. ஆயின், அது வரலாற்றுக்குப் போதிய விளக்கம் ஆகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

வைபவமாலை நமக்குக் கிடைத்த அரிய செல்வம் என்பதில் ஐயமில்லை. எனினும், நிகழ்ச்சிகள் நடந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், செவிவழி மரபுகளைத் துணையாகக் கொண்டு எழுந்த நூல் அது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட சங்கிலியையும், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சங்கிலிகுமாரனையும் அது ஒருவராகவே காட்டுகின்றது. 1544 இல் மன்னாரில் கிறித்தவர்களைக் கொன்றவன் முன்னவன். 1619 இல் நல்லூரை இழந்தவன் பின்னவன். இருவருக்குமிடையே முக்கால் நூற்றாண்டு கிடக்கின்றது. போர்த்துக்கேயப் பாதிரியாரான பெர்னாவ் டி குவேறோஸ் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதிய பெருநூல் முதலிய ஆதாரங்களை முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் ஒப்புநோக்கிய பின்னரே இக்குழப்பம் தெளிவுற்றது. குவேறோசும் நடுநிலையாளர் அல்லர். வென்றோரின் பக்கம் நின்று எழுதியவர். ஆதலின், இரு சாராரின் கூற்றையும் எச்சரிக்கையோடு கையாளுதல் நம் கடனாகும்.

அரியணையின் நிலை

1617 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முற்பட்ட அரை நூற்றாண்டைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1560 இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா நேரிற் படை நடத்தி வந்து நல்லூரைக் கைப்பற்றினான். நகரிலே நிலைத்து நிற்க அவனால் இயலவில்லை. எனினும், மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று. முத்துக்குளிப்பும் பாக்குநீரிணைக் கப்பற் போக்குவரத்தும் இதனால் அவர்தம் கண்காணிப்பின்கீழ் வந்தன. 1591 இல் அந்திரே பூர்த்தாடு டி மென்டோன்சா படையெடுத்து வந்தான். அரசன் கொல்லப்பட்டான், எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரால் அரியணையில் அமர்த்தப்பட்டான்.

இவ்விடத்து ஓர் உண்மை கருதற்பாலது. 1591 இன் பின் யாழ்ப்பாணத்து மணிமுடி, குலமுறையால் மட்டுமன்றி அயலார் இசைவாலும் சூடப்படுவதாயிற்று. வழியுரிமை பற்றிய தெளிவான விதியொன்று முன்னரும் உறுதியாக இருந்ததில்லை. முன்னைய சங்கிலியே மூத்தோரை அகற்றி அரசு கவர்ந்தவன் என்பது வைபவமாலையின் கூற்று. விதி தளர்ந்த இடத்தில் வலியோரின் விருப்பமே விதியாகின்றது. எதிர்மன்னசிங்கன் கால் நூற்றாண்டுக்கு மேலாக இரு தரப்பையும் அரவணைத்துக் காலத்தைப் போக்கினான். கண்டிக்குச் செல்லும் உதவிகளை அவன் முற்றாகத் தடுக்கவில்லை. போர்த்துக்கேயரை வெளிப்படையாகப் பகைக்கவுமில்லை. அந்தச் சமநிலை அவன் என்னும் ஒரு மனிதன்மீதே தங்கியிருந்தது. 1617 இல் அவன் இறந்தபோது வழியுரிமையாளனாக எஞ்சியவன் ஒரு சிறுவன்.

ஆட்சி கவரப்பட்டமை

சிறுவனுக்காக அரசைப் பரிபாலிக்கும் பொறுப்பு அரசகேசரியைச் சார்ந்தது. காளிதாசனின் காவியத்தைத் தழுவி இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய புலவர் இவரே எனப் பலரும் கருதுவர். இறந்த மன்னனின் மருமகன் முறையினனான சங்கிலிகுமாரன் இவ்வேற்பாட்டை ஏற்றிலன். அரசகேசரியும் அரசுரிமை கோரத்தக்க ஏனைய இளவரசர்களும் கொல்லப்பட்டனர். சிறுவன் உயிரோடு விடப்பட்டான். அவன் பெயரால் ஆளும் பரிபாலகனாகச் சங்கிலிகுமாரன் தன்னை அறிவித்துக்கொண்டான்.

போர்த்துக்கேயர் உடனே படையெடுக்கவில்லை. அக்காலத்தே இலங்கையின் தென்பகுதியில் எழுந்த கிளர்ச்சிகளை அடக்குவதில் அவர்கள் முனைந்திருந்தனர். ஆகவே, திறை செலுத்துதல், கண்டிக்கு உதவாதிருத்தல் முதலிய நிபந்தனைகளை முன்வைத்துப் புதியவனைப் பரிபாலகன் என்ற அளவில் பொறுத்துக்கொண்டனர். கொலையால் வந்த ஆட்சிக்கு இது போதிய அரண் அன்று. உள்நாட்டில் உரிமையும் வெளிநாட்டில் ஒப்புதலும் இல்லாத ஒருவன், படைவலி ஒன்றையே நம்பவேண்டியவனாகின்றான். அப்படைவலியைத் தருவோர் யார் என்ற வினாவிலிருந்தே பின்வந்த போர் பிறந்தது.

பல முனைகள்

1618 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலே கிறித்தவர்களின் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவன் மிகப்பிள்ளை ஆராச்சி. போர்த்துக்கேயரின் தூண்டுதல் இதற்குப் பின்னே இருந்தது. எனினும், தூண்டுதல் மட்டுமே ஒரு கிளர்ச்சியை உண்டாக்குவதில்லை. அரண்மனைக் கொலைகளால் அஞ்சியோரும், தம் சமயத்துக்குப் பாதுகாப்புத் தேடியோரும், கொல்லப்பட்டோரின் சார்பினரும் ஓரிடத்திற் கூடுவதற்கு வேண்டிய காரணங்கள் உள்நாட்டிலேயே இருந்தன. சங்கிலிகுமாரன் ஊர்காவற்றுறைக்குப் பின்வாங்க நேர்ந்தது.

அங்கிருந்து அவன் தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதனின் துணையை நாடினான். மறுகரையிலிருந்து படை வந்தது; கிளர்ச்சி அடக்கப்பட்டது. கடலோடிகளான கரையார் படைத்தலைவர்களும் அவன் பக்கம் நின்றனர். பழவேற்காட்டில் நிலைகொண்டிருந்த ஒல்லாந்தரோடும் அவன் தொடர்பு தேடினான் என்ற செய்தி போர்த்துக்கேயரை மேலும் வெகுளச் செய்தது. இவ்வாறு ஈராண்டுக்குள், ஆட்சி கவர்ந்தவன், உரிமையுடைய சிறுவனின் சார்பினர், கிறித்தவத் தலைவர்கள், கடற்படைத் தலைவர்கள், தஞ்சை, போர்த்துக்கேயர் எனப் பல முனைகள் உருவாயின. கண்டியும் ஒல்லாந்தரும் அடிவானத்தில் தெரிந்தனர்.

தஞ்சையின் பங்கு தனியாக நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்துக் கொலைகளுக்கு மூன்றாண்டுகள் முன்னர், 1614 இல், விசயநகரப் பேரரசில் இதனையொத்த கொடுமை நிகழ்ந்தது. ஜக்கராயன் என்பான் பேரரசன் ஸ்ரீரங்கனையும் அவன் குடும்பத்தாரையும் கொன்றான். உயிர் தப்பிய இளவரசன் இராமதேவனை யாசம நாயக்கன் ஆதரித்தான். தமிழகத்து நாயக்கர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். 1616 ஆம் ஆண்டையொட்டித் தோப்பூரில் நடந்த பெரும்போரில் இரகுநாத நாயக்கன் இளவரசனின் பக்கம் நின்று ஜக்கராயனை வீழ்த்தினான். அங்கே ஆட்சி கவர்ந்தவனை எதிர்த்து உரிமையுடைய சிறுவனைக் காத்த அதே மன்னன், ஈராண்டு கழிந்து இங்கே ஆட்சி கவர்ந்தவனுக்குப் படை அனுப்பினான். இதனை முரண்பாடு எனக் கொள்வது பொருந்தாது. நாகபட்டினத்தில் வலிபெற்றிருந்த போர்த்துக்கேயர் நீரிணையின் இரு கரையையும் ஆள்வது தஞ்சைக்கு ஏற்புடையதன்று. அவன் காத்தது தன் நாட்டு நலத்தையே. நமது அரியணையின் நீதியை அன்று. துணைக்கு வரும் எவரும் தமக்கென ஒரு கணக்கோடே வருவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1619 உம் அதன் பின்னும்

1619 ஜூன் மாதம், கொழும்பிலிருந்த தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, பிலிப் டி ஒலிவேறாவின் தலைமையில் படையை வடக்கே அனுப்பினான். திறை செலுத்தப்படாமை வெளிப்படையான காரணம். நல்லூர் வீழ்ந்தது. மறுகரை நோக்கித் தப்ப முயன்ற சங்கிலிகுமாரன் பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மரண தண்டனைக்குள்ளானான். அரச குடும்பத்தில் எஞ்சியோர் பலர் ஞானஸ்நானம் பெற்றுத் துறவு மடங்களிற் சேர்ந்தனர். துறவிக்கு வழித்தோன்றல் இல்லை. ஆகவே, உரிமை கோருவதற்கு ஒரு கிளையும் எஞ்சவில்லை. வாளினால் 1617 இல் தொடங்கப்பட்ட பணி திருச்சபை மடத்தில் நிறைவெய்தியது.

போர் இத்தோடு முடியவில்லை என்பதே நம் வினாவுக்கு உயிரான செய்தியாகும். 1620 இல் தஞ்சைப் படையின் துணையோடு போர்த்துக்கேயருக்கு எதிராக எழுந்தவன் யார்? 1618 இல் சங்கிலிகுமாரனுக்கு எதிராகக் கிளர்ந்த அதே மிகப்பிள்ளை ஆராச்சி. அவன் தோற்ற பின்னர், வருணகுலத்தானின் தலைமையில் தஞ்சை மீண்டும் ஒரு முயற்சி செய்தது, அதுவும் தோல்வியுற்றது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஒலிவேறாவால் இடிக்கப்பட்டது. ஆட்சிபீடம் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றும் வரை போர்த்துக்கேயர் ஆட்சி நீடித்தது.

மிகப்பிள்ளை ஆராச்சியை நாம் என்னவென்று அழைப்பது? 1618 இல் வாழ்வு முடிந்திருப்பின் அவன் துரோகி; 1620 இல் முடிந்திருப்பின் விடுதலை வீரன். மனிதன் ஒருவனே, ஈராண்டு இடைவெளியே வேறு. சங்கிலிகுமாரனும் அத்தகையவனே. அந்நியரை எதிர்த்து இறுதிவரை நின்றவன் அவன். தன் குலத்து இளவரசர்களைக் கொன்று அந்நியருக்கு வாயில் திறந்தவனும் அவனே. ஒவ்வொரு தரப்பும் தனக்கு அச்சமற்ற ஓர் அரசனையே வேண்டியது. போரிட்ட தமிழருள் எவரும் அரசே ஒழியவேண்டும் என வேண்டியதாகத் தெரியவில்லை. ஆயினும், அனைவர் செயலும் சேர்ந்து அவ்விளைவையே தந்தன. காக்கை வன்னியன் என்னும் பாத்திரம் இச்சிக்கலிலிருந்து நம்மை விடுவிப்பதற்காகவே மக்கள் நினைவு படைத்துக்கொண்ட தீர்வு எனலாம். ஒருவன்மேல் பழி முழுதையும் ஏற்றினால் ஏனையோர் தம் பங்கை எண்ண வேண்டியதில்லை அன்றோ?

இது பழைய கதை மட்டுமன்று. துரோகி என்ற ஒரு சொல் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை, 2009 இல் முடிந்த போரின் பதின்ம ஆண்டுகளைக் கடந்துவந்த இத்தீபகற்பம் நன்கறியும். அச்சொல்லை விளக்கமாகக் கொள்ளும் சமூகம் காரணங்களைத் தேடுவதை விட்டுவிடுகின்றது. அதிகாரம் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்வதற்கு எல்லோரும் ஏற்ற வழி ஒன்று இல்லையேல், கொலை வழியாகும். கொலையால் வந்தவர் துணை தேடுவர். அவர் பகைவரும் துணை தேடுவர். துணைக்கு வந்தோர் நிலைத்துவிடுவர். 1617 நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

நல்லூரில் இன்று சங்கிலியனுக்குச் சிலை உண்டு. சங்கிலியன் தோப்பும் உண்டு. அரசகேசரிக்கு நீர்வேலியில் அவர் பெயரைத் தாங்கிய பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. முன்னதைக் காண்போர் பலர். பின்னதைக் காணும்போது 1617 ஐ நினைப்போர் சிலர். வரலாற்று மாணவன் இரண்டிடத்தும் நின்று எண்ணவேண்டியவன் ஆவான்.