கிள்ளான் பள்ளத்தாக்கில் எண்ணெய் விலையும் பெரிய கார்களும்

கோலாலம்பூரையும் அதைச் சுற்றிப் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான், காஜாங் எனப் பரந்து கிடக்கும் நகரங்களையும் சேர்த்துக் கிள்ளான் பள்ளத்தாக்கு என்பர். மலேசியாவில் கார்கள் மிகுதியாக ஓடும் வட்டாரம் இது. இங்கே பெட்ரோல், டீசல் விலையைப் பெரும்பாலும் அரசே அறிவித்து வந்திருக்கிறது. ஆகவே எஸ்யூவி, எம்பிவி முதலிய பெரிய வாகனங்களை மக்கள் வாங்குவதும் தவிர்ப்பதும் உலகச் சந்தையைவிடப் புத்ராஜெயாவிலுள்ள அரசின் முடிவுகளையே ஒட்டி நடந்தது. நாற்பது ஆண்டுகளில் காரின் உடல் பெருத்துக்கொண்டே போக, எஞ்சின் சிறுத்துக்கொண்டே வந்தது. எண்ணெய் விலை செய்த வேலையில் கண்ணுக்குத் தெரிவது இதுவே.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

தானியங்கி விலை நிர்ணய முறை 1983-இல் வந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் அரசு விற்பனை வரியைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது மானியம் கொடுக்கும். எண்ணெய் நிலையத்தில் எழுதியிருக்கும் விலை எளிதில் அசையாது. எண்ணெய் அடிப்பது ஒரு பெருஞ்செலவு என்ற எண்ணமே பல காலம் காரோட்டிகளுக்கு எழவில்லை.

அந்நாளில் ஜீப் நகரத்து வண்டியாகவும் இல்லை. தோட்டத் துரைகளும், மரம் வெட்டும் நிறுவனங்களும், படையினரும் ஓட்டிய லேண்ட்ரோவரைத்தான் மக்கள் ஜீப் என்று அறிந்திருந்தார்கள். நகரக் குடும்பத்தின் கனவு 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா. பிறகு ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பகுதிகளில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், தீபாவளிக்கு ஈப்போவுக்கும் ஒரே வண்டியில் போக விரும்பினார்கள். ஐந்து இருக்கை அவர்களுக்குப் போதவில்லை. பெரிய கார் வாங்கியவர்களில் பலர் தேடியது ஏழு இருக்கையைத்தான். இதை மறந்துவிட்டு அவர்களை ஆடம்பரப் பிரியர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அந்தத் தேவைக்கு வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1998-இல் பெரோடுவா கெம்பாரா 1.3 லிட்டர் எஞ்சினோடு சிறிய உள்நாட்டு ஜீப்பாக வந்தது. கியா கார்னிவலை மறுபெயரிட்டு வந்த நாசா ரியா, 2004-இல் டொயோட்டா அவன்சா, அடுத்த ஆண்டில் இன்னோவா, ஃபார்ச்சூனர் ஆகியவை தொடர்ந்தன. ஜப்பானிலிருந்து இறக்குமதி அனுமதியின் பேரில் வந்த அல்ஃபார்டு, வெல்ஃபயர் வசதியானவர்களின் வீட்டு வாசலுக்கு வந்தன. அதே காலத்தில் பெட்ரோல் விலையும் படியேறியது. 2005 ஜூலை இறுதியில் லிட்டருக்கு 1.62 ரிங்கிட்; 2006 பிப்ரவரி இறுதியில் 1.92.

2008 ஜூன்

உலகில் பெரிய கார்களுக்குச் சோதனை வந்த ஆண்டு அது. ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், பிக்கப்பும் எஸ்யூவியும் செய்யும் நான்கு ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. மறுநாள் பிரதமர் அப்துல்லா அகமது படாவி மலேசியர்களுக்கான செய்தியைச் சொன்னார்: நள்ளிரவு முதல் பெட்ரோல் 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70, டீசல் 1.58-இலிருந்து 2.58. பெட்ரோலில் ஏற்றம் 78 சென், அதாவது நூற்றுக்கு 40-க்கும் மேல். அன்றிரவு எண்ணெய் நிலையங்களில் கார்கள் சாலைவரை வரிசை கட்டி நின்றன. 80 லிட்டர் தொட்டியை நிரப்ப அதுவரை 153 ரிங்கிட் 60 சென் கொடுத்தவர் விடிந்ததும் 216 ரிங்கிட் கொடுக்க வேண்டியதாயிற்று.

வலியைத் தணிக்க அரசு கொடுத்த தொகைதான் இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம். 2000 சிசி வரையிலான தனியார் கார்களுக்கும், 2500 சிசி வரையிலான பிக்கப், ஜீப்புகளுக்கும் ஆண்டுக்கு 625 ரிங்கிட் ரொக்கம். சாலை வரி புதுப்பித்தவர்கள் அஞ்சலகத்தில் பெற்றுக்கொண்டார்கள். அதற்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு ரொக்கம் இல்லை, சாலை வரியில் 200 ரிங்கிட் கழிவு மட்டுமே. பெரிய எஞ்சின் வைத்திருப்பவருக்கு உதவி குறைவு என்று அரசு வெளிப்படையாகக் கோடு கிழித்தது அப்போதுதான். என் பார்வையில் அது சரியான கோடு. அது நிலைக்காமல் போனதுதான் வருத்தம்.

அந்த ஆண்டு கார் விற்பனை படுத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நாடு முழுவதும் 2007-இல் 4,87,176 வாகனங்கள் விற்றன, 2008-இல் 5,48,115. ஜனவரியில் வந்த புதிய சாகாவும், 2005 முதல் ஓடிக்கொண்டிருந்த பெரோடுவா மைவியும் சந்தையைத் தாங்கின. கச்சா எண்ணெய் ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டுவிட்டு ஆண்டிறுதியில் 40-க்கும் கீழே விழுந்தது. ஆகஸ்டில் பெட்ரோல் 2.55 ஆகி, டிசம்பரில் 1.80-க்கு வந்துவிட்டது. ஏற்றத்துக்கு முன்பிருந்ததைவிடக் குறைவு! பதறிப்போய்ப் பெரிய காரை வந்த விலைக்குத் தள்ளியவர்களுக்கு நட்டம். பொறுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விலை ஏறினாலும் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை அந்த ஆறு மாதத்தில் வேரூன்றியது.

2009-இல் புரோட்டோன் எக்சோரா 1.6 லிட்டரிலும், பெரோடுவா அல்சா 1.5 லிட்டரிலும் வந்தன. பெரிய குடும்பம் இனிச் சிறிய எஞ்சினில் போகலாம் என்றாயிற்று.

சுருங்கிய எஞ்சின்

அதன்பின் ரோன்95 பெட்ரோல் 2013 செப்டம்பரில் 2.10, மறு ஆண்டு அக்டோபரில் 2.30 என ஏறி, 2014 டிசம்பர் 1 அன்று மானியமே நீக்கப்பட்டு மிதக்கவிடப்பட்டது. ஆனால் அப்போது உலக விலை சரிந்துகொண்டிருந்தது. சுமை தெரியவில்லை. எஸ்யூவி அலை கிள்ளான் பள்ளத்தாக்கை நிறைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

முன்பு 2.4 லிட்டரிலும் கிடைத்த ஹோண்டா சிஆர்-வி 2017-இல் 1.5 லிட்டர் டர்போவைப் பெற்றது. புரோட்டோன் எக்ஸ்70 2018-இல் 1.8 லிட்டரில் அறிமுகமாகி, 2022-இல் 1.5 லிட்டரிலும் வந்தது. மூன்று வரிசை இருக்கை கொண்ட எக்ஸ்90-ஐ இழுப்பதும் 1.5 லிட்டர் எஞ்சின்தான். பெரோடுவா அத்திவாவுக்கு ஒரே லிட்டர். டொயோட்டாவின் கொரோலா கிராஸ், ஹைபிரிட் வகை உட்பட, 2022 முதல் கிள்ளான் புக்கிட் ராஜா ஆலையிலேயே பூட்டப்படுகிறது. இதில் எண்ணெய் விலைக்கு மட்டும் பங்கு என்று சொல்ல முடியாது. மலேசியாவில் சாலை வரி சிசி கணக்கில் வசூலாகிறது. 1600 சிசியைத் தாண்டியதும் அது சட்டென்று ஏறும். இரண்டும் சேர்ந்து பெரிய எஞ்சினை ஓரங்கட்டின.

வசிக்கும் இடமும் முடிவை மாற்றும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவருக்கு 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. எல்ஆர்டி, கொம்யூட்டர், மோனோரயில் எல்லாம் கிட்டும். விலை ஏறினால் காரை வீட்டில் விட்டுவிடலாம். கிள்ளானில் இருப்பவருக்குப் பல ஆண்டுகளாகக் கொம்யூட்டர் ஒன்றுதான் ரயில். மற்றபடி ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒரே விலையேற்றம் இவ்விருவரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை.

டீசலும் புடி95-உம்

2021 முதல் ரோன்95 விலை 2.05 ரிங்கிட்டில் உச்சவரம்பு கட்டி நிறுத்தப்பட்டது. முதல் அடி டீசலுக்கு விழுந்தது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15-இலிருந்து 3.35 ஆனது. சரக்கு லாரிகளுக்கு மானிய அட்டை இருந்தது. சொந்தமாக டீசல் ஃபார்ச்சூனரோ பிக்கப்போ வைத்திருந்தவர் 80 லிட்டருக்கு 96 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தார். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வந்தது. அந்த ஆண்டிலும் நாட்டின் மொத்த வாகன விற்பனை 8,16,747. அதுவரை காணாத உச்சம் அது. டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. அதுவும் எஸ்யூவிதான்.

2025 செப்டம்பர் 30 முதல் புடி95 என்னும் பெட்ரோல் மானியத் திட்டம் எல்லாருக்கும் நடைமுறைக்கு வந்தது. மைகார்டு அடையாள அட்டையும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1.99 ரிங்கிட்டாகவும், மானியமில்லா விலை 2.60 ஆகவும் இருந்தது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வர நாளுக்கு 70 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் பெரிய எஸ்யூவி சுமார் 192 லிட்டர் குடிக்கும். 16 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு 96 லிட்டர் போதும். இருவரும் அந்த வரம்புக்குள்தான். ஆனால் அந்தத் தொடக்க விலையில் பெரிய கார்க்காரருக்குக் கிடைக்கும் மானியம் சுமார் 117 ரிங்கிட், சிறிய கார்க்காரருக்கு 59.

2008-இல் சிசி பார்த்துக் கிழித்த கோடு புடி95-இல் இல்லை. வருமானமும் எஞ்சினும் பார்க்காத இந்த ஒதுக்கீடு, அதிகம் எரிப்பவருக்கே அதிகம் கொடுக்கிறது. இத்திட்டம் நீடிக்குமானால், பெரிய எஞ்சின்களுக்கு லிட்டர் வரம்பைக் குறைத்து, அந்தப் பணத்தைக் கிள்ளான் பக்கத்துப் பேருந்துக்கும் ரயிலுக்கும் திருப்புவதே முறை.