மின் ஸ்கூட்டர் பொறுப்புக் காப்பீடு (ஜெர்மனி)

ஜெர்மனியில் பொதுச் சாலைகளில் மின் ஸ்கூட்டர் ஓட்டுவதற்குப் பொறுப்புக் காப்பீடு கட்டாயமாகும். நின்றபடி ஓட்டப்படும் இவ்வூர்திகளுக்கான ஒழுங்குவிதி 2019 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இவற்றின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் ஆகும்.

ஓட்டுநரால் பிறருக்கு ஏற்படும் காயம், உயிரிழப்பு, பொருட்சேதம் ஆகியவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்கும். ஓட்டுநரிடம் பணம் இல்லாத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் கைவிடப்படாதிருத்தலே இதன் நோக்கமாகும். ஓட்டுநரின் சொந்தக் காயமும் அவரது ஊர்தியின் சேதமும் இதில் அடங்கா.

காப்பீட்டுக்குச் சான்றாக ஊர்தியின் பின்புறத்தில் வில்லை ஒன்று ஒட்டப்படுகிறது. காப்பீட்டு ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிவடைகிறது. காலாவதியான வில்லையை எளிதில் இனங்காண ஆண்டுதோறும் அதன் நிறம் மாற்றப்படுகிறது. காப்பீடின்றி ஓட்டுவது குற்றமாகும். ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கப்படலாம்.