தன்னைத்தானே நகலெடுக்கும் கட்டங்கள்... 'செல்லுலார் ஆட்டோமேட்டா' என்றால் என்ன? டிஎன்ஏ-வுடன் என்ன தொடர்பு?

ஜெராக்ஸ் மெஷினில் எந்தப் பேப்பரை வைத்தாலும் நகல் வரும். ஆனால் ஒரு ஜெராக்ஸ் மெஷின், இன்னொரு ஜெராக்ஸ் மெஷினையே நகல் எடுக்குமா? எடுக்காது. அதைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டும். செய்கிற இடம் எப்போதும் செய்யப்படுகிற பொருளைவிடப் பெரிதாகவும் சிக்கலாகவும்தான் இருக்கிறது.

ஆனால் பூனை, பூனைக்குட்டி போடுகிறது. அந்தக் குட்டி தாயைவிட எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. உயிருக்கு இவ்வளவு சுலபமாக வருகிற இந்த வேலை, இயந்திரத்துக்கு மட்டும் ஏன் வராது?

1940-களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கணித மேதை ஜான் வான் நியூமன். பதிலுக்காக அவர் ரோபோ எதையும் செய்யவில்லை. கட்டம் போட்ட ஒரு தாளே போதுமானதாக இருந்தது. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

செல்லுலார் ஆட்டோமேட்டா என்றால் என்ன?

கணக்கு நோட்டின் கட்டம் போட்ட பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு 'செல்'. அது கறுப்பாக இருக்கலாம், வெள்ளையாக இருக்கலாம். சில வகைகளில் இன்னும் பல நிறங்கள் இருக்கலாம்.

எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே விதிதான். ஒவ்வொரு கட்டமும் தன் அக்கம்பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்த்து, அடுத்த சுற்றில் தன் நிறம் என்ன என்று முடிவு செய்யும். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாறும். இப்படி ஒரு சுற்று முடிந்தால் அது ஒரு 'தலைமுறை'.

அவ்வளவுதான். மேலே இருந்து யாரும் உத்தரவு போடுவதில்லை. இப்படி ஒரு கட்ட உலகத்தைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்று வான் நியூமனுக்கு யோசனை சொன்னவர், அவருடைய நண்பரும் கணிதவியலாளருமான ஸ்டானிஸ்லாவ் உலாம்.

நீங்களே செய்து பார்க்கலாம்

ஒரு பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கணினி விஞ்ஞானி எட்வர்ட் ஃபிரெட்கின் பெயரில் அறியப்படும் விதி இது:

* ஒரு கட்டத்தின் மேல், கீழ், இடது, வலது என 4 பக்கத்துக் கட்டங்களில் எத்தனை கறுப்பு என்று எண்ணுங்கள்.
* 1 அல்லது 3 என்றால் அடுத்த சுற்றில் அந்தக் கட்டம் கறுப்பு.
* 0, 2, 4 என்றால் வெள்ளை.
* அந்தக் கட்டம் இப்போது என்ன நிறம் என்பது கணக்கில் வராது.

நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கட்டத்துடன் தொடங்குங்கள். அடுத்த சுற்றில் அதைச் சுற்றி 4 கறுப்புக் கட்டங்கள் வரும், நடுக்கட்டம் வெள்ளையாகிவிடும். ஒன்று, நான்காகிவிட்டது!

அடுத்து, 4-க்கு 4 கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி 'ப' என்ற எழுத்தை வரைந்து தொடங்குங்கள். 4-வது சுற்றில் நான்கு பக்கமும் நான்கு 'ப' நிற்கும். இடையில் எல்லாம் கலைந்துபோன மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம். பொறுமையாகத் தொடர்ந்தால் 12-வது சுற்றில் 16 'ப' இருக்கும்.

அப்போ கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சா?

இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

இந்த விதியில் 'ப' வரைந்தாலும் நகலாகும், சும்மா கிறுக்கினாலும் நகலாகும். ஒற்றைப் புள்ளியும் நகலாகும். அதாவது, 'ப' எந்த வேலையும் செய்யவில்லை. எல்லாவற்றையும் விதியே செய்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்றால் பிம்பம் தெரிகிறது என்பதற்காக, நாம் இன்னொரு மனிதரை உருவாக்கிவிட்டோம் என்று சொல்ல முடியுமா? அது மாதிரிதான் இதுவும்.

வான் நியூமன் தேடியது வேறு. அந்த உருவம் ஒரு இயந்திரம் மாதிரி வேலை செய்ய வேண்டும். அதற்குள் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்பைப் படித்து, தன்னைப் போலவே இன்னொன்றைத் தானே கட்ட வேண்டும்.

வான் நியூமன் எங்கே மாட்டினார்? எப்படித் தப்பித்தார்?

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இயந்திரம் தன்னைக் கட்ட வேண்டும் என்றால், தன்னைப் பற்றிய முழுக் குறிப்பு அதனிடம் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பும் இயந்திரத்தின் ஒரு பகுதிதானே? அப்படியானால், குறிப்புக்குள் அந்தக் குறிப்பைப் பற்றிய குறிப்பு வேண்டும். அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று... இதற்கு முடிவே இல்லை.

வான் நியூமன் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. ஒரே குறிப்பை இரண்டு விதமாகப் பயன்படுத்த வேண்டும்!

முதல் முறை: குறிப்பைப் படித்து, அதில் சொன்னபடி புதிய இயந்திரத்தைக் கட்டு.

இரண்டாம் முறை: அதே குறிப்பைப் படிக்காமல், அர்த்தம் பார்க்காமல், எழுத்துக்கு எழுத்து அப்படியே நகலெடுத்துப் புதிய இயந்திரத்திடம் கொடு.

ஒரு சமையல் குறிப்பைப் பார்த்து சாம்பார் வைப்பது ஒரு வேலை. அதே குறிப்பைப் பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுப்பது இன்னொரு வேலை. எழுதிக் கொடுப்பவருக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறிப்புக்குள் அந்தக் குறிப்பைப் பற்றி ஒரு வரிகூடத் தேவையில்லை. முடிவில்லாத அந்தச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

கட்டுவதற்கு ஒரு பகுதி, நகலெடுக்க ஒரு பகுதி, இரண்டையும் முறைப்படுத்த ஒரு பகுதி, கூடவே குறிப்பு எழுதிய ஒரு டேப். இதுதான் அவருடைய திட்டம். இதற்காக அவர் அமைத்த கட்ட உலகில் ஒவ்வொரு செல்லும் 29 நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம்.

டிஎன்ஏ எங்கே வந்தது?

வான் நியூமன் இந்த யோசனையைப் பற்றி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உரையாற்றியது 1948-ல். டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டது 1953-ல்.

நம் உடலின் செல்லில் நடப்பது என்ன? டிஎன்ஏ-வில் உள்ள தகவல் படிக்கப்பட்டு, அதன்படி புரதங்கள் உருவாகின்றன. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அதே டிஎன்ஏ அப்படியே நகலெடுக்கப்படுகிறது. ஒரே குறிப்பு, இரண்டு பயன்பாடு!

அதாவது, டிஎன்ஏ-வின் வடிவம் தெரிவதற்கு 5 ஆண்டுகள் முன்பே, உயிர் தன்னை எப்படிப் பெருக்கிக்கொள்ளும் என்பதன் தர்க்கத்தை ஒரு கணிதவியலாளர் தாளில் எழுதியே அடைந்துவிட்டார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நகலெடுக்கும்போது குறிப்பில் ஒரு சின்னப் பிழை விழுந்தால்? அந்தப் பிழை பிள்ளைக்குப் போகும், பிள்ளையிலிருந்து பேரப்பிள்ளைக்கும் போகும். பெரும்பாலும் இயந்திரம் பழுதாகும். எப்போதாவது ஒரு பிழை நன்மையாகவும் அமையலாம். பரிணாம வளர்ச்சிக்கான கதவு திறப்பது இங்கேதான்.

29 நிலையிலிருந்து 2 நிலை வரை

வான் நியூமன் 1957-ல் காலமானபோது இந்தப் பணி முடிந்திருக்கவில்லை. அதன் பிறகு நடந்தவை:

1966: ஆர்தர் பர்க்ஸ், வான் நியூமனின் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தி, விடுபட்டவற்றை நிரப்பிப் புத்தகமாக வெளியிட்டார்.

1968: எட்கர் காட், 8 நிலைகள் இருந்தாலே போதும் என்று காட்டினார். இன்று வங்கி முதல் ரயில் டிக்கெட் வரை பயன்படும் டேட்டாபேஸ் முறைக்கு அடித்தளம் போட்டவரும் இதே காட்தான்.

1970: பிரிட்டன் கணிதவியலாளர் ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' அறிமுகமானது. இதில் 2 நிலைகள்தான்: உயிர் உண்டு, இல்லை. சுற்றியுள்ள 8 கட்டங்களில் 2 அல்லது 3 உயிருடன் இருந்தால் உயிருள்ள செல் பிழைக்கும். சரியாக 3 இருந்தால் காலியான கட்டத்தில் புது உயிர் பிறக்கும். மற்ற எல்லாம் சாவு.

1984: கிறிஸ்டோபர் லாங்டன், வெறும் 86 செல்களில் ஒரு வளையத்தை உருவாக்கினார். அது கை நீட்டும், மூன்று முறை வளையும், 151 சுற்றுகளில் இன்னொரு வளையத்தைப் பெற்றெடுக்கும். நான்கு பக்கமும் இடமில்லாமல் போன பழைய வளையங்கள் நடுவில் செத்துக் கிடக்க, ஓரத்தில் மட்டும் புதியவை வளரும். பார்ப்பதற்குப் பவளப்பாறை மாதிரியே இருக்கும்.

2010: கான்வேயின் உலகத்திலும் தன்னைத்தானே கட்டும் உருவம் சாத்தியம் என்பது ஏற்கெனவே கோட்பாட்டளவில் தெரிந்திருந்தது. யாரும் செய்து காட்டவில்லை. ஆண்ட்ரூ வேட் 'ஜெமினி' என்ற உருவத்துடன் வந்தார். அது 3,36,99,586 தலைமுறைகளில் தன் நகலைச் சற்றுத் தள்ளிக் கட்டி முடித்து, பழைய தன்னை அழித்துவிடும். இப்படியே நகர்ந்துகொண்டிருக்கும்.

2013: டேவ் கிரீன், பழையதை அழிக்காமலே நகலை உருவாக்கும் உருவத்தை அதே உலகத்தில் செய்து காட்டினார். கான்வேயின் விளையாட்டு வந்து 43 ஆண்டுகளுக்குப் பிறகு!

இதனால் நமக்கு என்ன பயன்?

1980-ல் நாசா நடத்திய ஓர் ஆய்வு, நிலாவில் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் தொழிற்சாலை அமைக்க முடியுமா என்று ஆராய்ந்தது. எல்லாவற்றையும் பூமியிலிருந்து தூக்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக, ஒரு 'விதை'யை மட்டும் அனுப்பினால், அது அங்கே உள்ள மண்ணையும் சூரிய ஒளியையும் வைத்து வளரும் என்பது யோசனை. அது திட்டமாக மாறவில்லை. ஆனால் அதன் வேர் வான் நியூமனின் கட்டங்களில்தான் இருக்கிறது. 'செயற்கை உயிர்' என்ற ஆய்வுத்துறை உருவாகவும் லாங்டனின் வளையம் ஒரு முக்கியக் காரணம்.

அப்படின்னா இந்தக் கட்டங்களுக்கு உயிர் இருக்கா?

இல்லை. இவை சாப்பிடுவதில்லை, திரையை விட்டு வெளியே வருவதும் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் முடிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை இவை நிரூபித்துவிட்டன. தன்னைப் போல இன்னொன்றை உருவாக்கும் திறன், சதைக்கும் ரத்தத்துக்கும் மட்டுமே சொந்தமான மாயம் இல்லை. சரியான குறிப்பும், அதைப் படிக்கவும் நகலெடுக்கவும் ஒரு ஏற்பாடும் இருந்தால், கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலும் அதைச் செய்ய முடியும்.

நம்பிக்கை வரவில்லையா? நோட்டை எடுங்கள், 'ப' வரையுங்கள். நான்காவது சுற்றில் தெரிந்துவிடும், விதி மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்று. மீதி தூரத்தைக் கடக்க ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. நம் செல்களுக்குள் இருப்பது அப்படி ஒரு குறிப்புதான்.